ஒரு பேச்சுக்குக் கூப்பிட்ட கடல்

எங்கள் மாதாத்துறைக் கடல் ஒரு தடவை மலைக்கு வந்தது. நம்புகிறவர்கள் உட்காருங்கள், நம்பாதவர்கள் எழுந்து போய் வேறு சோலி இருந்தால் பாருங்கள், எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, ஏனென்றால் அது தண்ணீரை ஊரிலேயே விட்டுவிட்டு, வீசின கையும் வெறுங்கையுமாகத்தான் வந்தது. ஆனால் மூக்கால் பார்த்தேன், நாக்கால் பார்த்தேன், தலைமுடியின் பிசுபிசுப்பில் பார்த்தேன், பொரித்து வைத்த அப்பளம் நமத்துப்போனதில் பார்த்தேன், உப்புஜாடியில் உப்பு கசிந்து நின்றதில் பார்த்தேன். இத்தனைக்கும் பிறகு கண் ஒன்றுதான் சாட்சி என்று சொல்கிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

அது வந்தது என் வீட்டுக்காரரின் தங்கச்சி ஜெனிட்டாவின் மலைக்கு. எங்கள் ஜெனிட்டா விசைப்படகு டிரைவர் ரைமண்டின் மகள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், சின்ன வயசிலேயே கோவில் மணிக்கூண்டு, கலங்கரை விளக்கம், பஞ்சாயத்துத் தண்ணீர்த்தொட்டி என்று எங்கள் ஊரில் உயரமாக நின்ற எதையும் விட்டுவைக்காதவள். ஊரில் உயரம் தீர்ந்துபோனதும் இமயமலைக்குப் போனாள். போன வருஷம் அங்கே பாதி வழியில் தலைவலி வந்து, வாந்தி வந்து, காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் போய், கோவேறு கழுதை மேல் உட்கார்த்திக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள். கழுதை இறங்கி முடிக்கும் முன்னே சேதி எங்கள் ஊர் ஏலக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. "கடக்கரைப் பிள்ளைக்கு மலை எதுக்கு?" என்று வலை பொத்துகிற பயல்கள் வரைக்கும் கேட்டார்கள். நான் நாலு பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவள் அப்பா, என் மாமனார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மகளிடம் மட்டும், "மலையில என்ன பாடு கெடைக்கும்னு போற?" என்றார். பாடு என்றால் எங்கள் கரையில் அன்றைக்குக் கிடைத்த மீன். அவள் பூட்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

இந்த வருஷம்தான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. பெரிய மலைக்குப் போகும் பெண்கள் குழுவில் ஒரு இடம் இருந்தது, அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது: ஆறாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு சிகரத்தில் ஏறி நின்று காட்ட வேண்டும். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். ஏற்றிவிடுகிற நோர்பு சார் லடாக்காரர், பட்டாளத்தில் இருந்தபோது வெலிங்டன் முகாமில் கிடந்து, அங்கே கேன்டீன்காரரிடம் தமிழ் கற்றுக்கொண்டவர். அவர் போனிலேயே சொல்லிவிட்டார், சிகரம் அப்புறம், முதலில் உடம்பை உயரத்துக்குப் பழக்க வேண்டும், பகலில் மேலே ஏறு, ராத்திரி கீழே இறங்கித் தூங்கு, மறுநாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறு, அப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கி ரத்தத்துக்கே பாடம் நடத்த வேண்டும் என்று. அந்தப் பழக்குகிற நடைக்கு வீட்டாளும் சிநேகிதியும் கூட வரலாம் என்றார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது அந்த மனுஷன். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையேறிக் கிடந்தது, எல்லோருக்கும் லீவு. மாமா வந்தார், நான் வந்தேன், ஜெனிட்டாவின் சிநேகிதி காயல்பட்டினத்து ஷாமிலா ஒரு மூட்டை சிப்ஸ் பாக்கெட்டோடு வந்தாள், மாமாவின் தங்கச்சி கொர்னேலி அத்தை இரண்டு பெட்டியோடு வந்தாள். அத்தை வந்ததால்தான் கடலும் வந்தது.

கொர்னேலி அத்தையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் வாய்க்கு "வாங்களேன்" தான் மூச்சு. தபால்காரரைச் சாப்பிட வாங்களேன் என்பாள், கரண்ட் பில் எடுக்க வந்தவரைக் கல்யாணத்துக்கு வாங்களேன் என்பாள், ஊசி போட்ட டாக்டரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வாங்களேன் என்பாள். எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். யாரும் வந்ததில்லை, வராததால் அத்தைக்கும் செலவில்லை, மரியாதையும் கெடவில்லை. கிளம்புகிற அன்றைக்குக் காலையில், எங்கள் வழக்கப்படி கரைக்குப் போய், தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்து, "போயிட்டு வாறோம்" என்று எல்லோரும் சொன்னோம். எங்கள் கரையில் "போறேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், "போ" என்று யாரையும் அனுப்ப மாட்டார்கள், போயிட்டு வாறேன், போயிட்டு வா, அவ்வளவுதான். கடலுக்குப் போகிற ஆளை வைத்துக்கொண்டு வேறு மாதிரி சொல்ல நாக்கு வருமா? எல்லோரும் சொல்லித் திரும்பிய பிறகு, அத்தை மட்டும் ஒரு கணம் நின்று, முட்டளவு தண்ணீரைப் பார்த்து, "நீயும்தான் வாயேன், ஒரே எடத்துல கெடந்து என்னத்தக் கண்ட" என்றாள். நாங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடல் போட்டுக்கொண்டது.

ரயில் ஏறி, பஸ் ஏறி, வேன் ஏறி, மலை மேல் மலையாக ஏறிப்போகிற வழியில் மற்ற வண்டிக்காரர்கள் எல்லாம் முகம் வெளுத்து ஓரத்தில் நிறுத்திக் கக்கிக்கொண்டிருந்தார்கள், எங்கள் வேனில் மட்டும் கொர்னேலி அத்தை செபமாலை முடித்து, புளியோதரை முடித்து, தூங்கியும் முடித்துவிட்டாள். ஷாமிலாதான் முதலில் கவனித்தாள். அந்த உயரத்தில் காற்று மெலிந்து போவதால் சிப்ஸ் பாக்கெட் எல்லாம் தலையணை மாதிரி உப்பிவிடும் என்று அவள் எங்கேயோ படித்திருந்தாள், அதைப் படம் பிடித்துப் போட வேண்டும் என்றுதான் மூட்டையே கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் பாக்கெட் ஒன்றுகூட உப்பவில்லை. ஒரு டீக்கடையில் இறங்கினோம். அங்கே சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட் எல்லாம் வெடிக்கிற மாதிரி உப்பி இருந்தன. நாங்கள் உள்ளே காலை வைத்ததும் அத்தனையும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சப்பென்று ஆயின. கடைக்காரர் பாக்கெட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஆழமாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார், டீக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

மலைக்கிராமத்தில் எங்களுக்கு இடம் போட்டிருந்தது டோல்மா என்கிற பெண்ணின் வீட்டில். என் வயசு இருக்கும், அடுப்பங்கரையில் நின்றால் சுற்றி நிற்கிற எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுகிறவள், அதனால் எனக்கு உடனே பிடித்துவிட்டது. அந்த ஊரில் குக்கர் இல்லாமல் சோறு வேகாதாம், தண்ணீர் கொதிக்கிறதே தவிர சுடாதாம். நான் சும்மா ஒரு பானையில் அரிசியைப் போட்டு மூடி வைத்தேன், வெந்து பூவாக நின்றது. டோல்மா ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள், வாசலுக்குப் போய்த் தெருவைக் கூப்பிட்டாள். தெரு வந்தது. நோர்பு சாரும் வந்தார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைத் தட்டினார், ஆட்டினார், காதில் வைத்துக் கேட்டார். அது நேரம் மட்டும் காட்டுகிற கடிகாரம் இல்லை, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்றும் காட்டுவது. அதில் பூஜ்யம் இருந்தது.

"இது நாலாயிரம் இருக்கணும் அக்கா. முட்டை காட்டுது. ஏன்?" என்று என்னைக் கேட்டார், நான் என்னவோ கடிகாரத்துக்குச் சாப்பாடு போட்ட மாதிரி.

அப்போதுதான் மாமா மூக்கை உயர்த்தினார். நாற்பது வருஷம் இருட்டில் மணம் பிடித்தே துறை சேர்ந்த மூக்கு. ஒரு இழுப்பு இழுத்தார், கண்ணை மூடினார், திறந்தார். "நம்ம கடல்தான்" என்றார். "பக்கத்து ஊர்க்கடல்கூட இல்ல. நம்மது." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மினுக்கம், யாரோ பெரிய இடத்து ஆள் வீடு தேடி வந்துவிட்ட மாதிரி. கொர்னேலி அத்தை இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஐயோ மாதாவே, நாந்தான் கூப்புட்டேன். ஒரு பேச்சுக்குல்லா கூப்புட்டேன்!"

ஊருக்குப் போன் போட்டுக் கேட்டோம். என் வீட்டுக்காரர், "தண்ணி இருக்கு, அலை அடிக்கி, ஆனா வீட்டுல ஆள் இல்லாத மாதிரி இருக்கு" என்றார். தடைக்காலம்தானே, அதற்கும் வேலை இல்லை, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். வேறு என்ன செய்ய? கூப்பிட்டுவிட்டு, வந்த பிறகு ஏன் வந்தாய் என்று கேட்க முடியுமா?

கிராமத்து ஜனங்களோ எங்களுக்கு மேல் இருந்தார்கள். கடல் எங்கே படுக்கும் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வி. டோல்மா அடுப்புக்குப் பக்கத்தில் நல்ல கம்பளம் ஒன்றை விரித்து, ஒரு கிண்ணத்தில் டீ ஊற்றி வைத்தாள். அந்த ஊர் டீயில் சீனி கிடையாது, வெண்ணெயும் உப்பும் போடுவார்கள், நாங்கள் ஐந்து பேரும் முகத்தைச் சுளித்து விழுங்கிய டீ. மறுநாள் கிண்ணம் காலியாக இருந்தது. உப்பு டீ அதற்குப் பிடிக்காமல் இருக்குமா? அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு கிண்ணம் வைத்தார்கள். மூச்சு இரைப்பவர்கள் வந்து வாசலில் உட்கார்ந்து வயிறு நிறைய மூச்சு விட்டுவிட்டுப் போனார்கள், பிள்ளைகள் மூச்சே வாங்காமல் ஓடுகிற அதிசயத்தில் நாள் முழுக்க ஓடினார்கள், பட்டாள லாரிக்காரர்கள் காரணமே இல்லாமல் அந்த வழியில் லாரியை நிறுத்தினார்கள், மாடுகள் மட்டும் உடம்பு கனத்துப்போய் எங்களை முறைத்தன. தினமும் இரண்டு வேளை கடல் பெருகியது, இரண்டு வேளை வற்றியது. பெருகும்போது ஊர் முழுக்க நெஞ்சு நிறைந்தது, வற்றும்போது ஒரு கொட்டாவி வந்தது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில். கடலுக்கு எல்லை ஊருக்கு மேலே இருந்த கல்குவியல். அதைத் தாண்டி ஓரடி வைத்தாலும் மூச்சு முட்டும், இந்தப் பக்கம் வந்தால் சரியாகிவிடும்.

டோல்மா ஒருநாள் ஒரு கல்லைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். வயலில் உழும்போது கிடைப்பதாம். கல்லுக்குள்ளே கல்லாகவே ஒரு சிப்பி. அந்த மலைப்பக்கம் முழுக்க அப்படித்தான், ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். இது அதன் பழைய வீடு, போனது திரும்பி வந்திருக்கிறது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று டோல்மா கேட்டதை நோர்பு சார் எங்களுக்குச் சொன்னார். கொர்னேலி அத்தை அந்தச் சிப்பியை விரலால் தடவி, "போயிட்டு வாறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கும். சொன்னா வரத்தான செய்யணும்" என்றாள்.

எல்லாம் நல்லாத்தான் இருந்தது, ஒருத்தியைத் தவிர. ஜெனிட்டா எங்கே போனாலும் கடல் அந்த எல்லையையும் தாண்டி அவள் பின்னாலேயே போனது. ஏறிப் பழகுவதற்கென்று நோர்பு சார் காட்டின குன்றில் அவள் சந்தைக்குப் போகிற மாதிரி ஏறி, சந்தையிலிருந்து வருகிற மாதிரி இறங்கினாள். நாங்கள் கை தட்டினோம். நோர்பு சார் தட்டவில்லை.

"பாப்பா நல்லா ஏறுது. ஆனா உடம்பு படிக்கலை" என்றார். "தினம் பரீட்சைக்குப் பக்கத்துல உக்காந்து கடல் விடை சொல்லித் தருது. மேல ஐஸ்ல போய்க் கடல் கொட்டாவி விட்டா? அங்கேயே பாப்பா முடிஞ்சது. நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

அவள் முகம் சிவந்தது. வாயைத் திறந்து அழுகிற ஜாதி இல்லை அவள். "அவரு கூட்டிட்டுப் போனாலும் நான் வரல மதினி" என்றாள். "உச்சியில போய் நிப்பேன், கடிகாரம் முட்டை காட்டும். கடக்கரையில நின்னுக்கிட்டு மலையேறுனேன்னு சொல்லச் சொல்லுதியளா? எனக்கு அப்படி ஒரு மலை வேண்டாம்." இவள் என் வீட்டுப் பிள்ளை என்று அந்தப் பனியைப் பார்த்துக் கத்த வேண்டும் போல இருந்தது.

ஆனால் வந்த விருந்தாளியை எப்படி அனுப்புவது? கொர்னேலி அத்தை தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். "ஊர்ல தேடுவாகளே" என்று கம்பளத்தைப் பார்த்துச் சொன்னாள். "மழைக்காலம் வந்தா ரோடு அடைச்சிருவானாம்" என்றாள். வழியில் சாப்பிட என்று பொட்டலம் கட்டி வாசலில் வைத்தாள். கடல் பொட்டலத்தை நமக்க வைத்தது, அவ்வளவுதான். "போன்னு சொல்லிருங்க அத்தை" என்று ஷாமிலா சொன்னதற்கு அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள், மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அந்தச் சொல் எங்கள் வாயில் கிடையாது.

கடைசியில் ஜெனிட்டாதான் பேசினாள். காலையில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்குவியல் வரைக்கும் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம், கடலும் வந்தது. எல்லையில் நின்று திரும்பினாள். எங்கள் கரையில் படகு ஏறுமுன் ஆம்பளைகள் வீட்டு வாசலில் நின்று சொல்வது ஒன்று உண்டு. மாமா நாற்பது வருஷம் சொன்னது, என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வது. அதே மெதுவான குரலில், முன்னால் இருந்த வெறும் காற்றைப் பார்த்து அவள் சொன்னாள்:

"வீட்டைப் பாத்துக்க. அப்பாவுக்கு நெஞ்சுக்கு ஆகாது, அத்தைக்கு இரைப்பு. நான் போயிட்டு வாறேன்."

சொல்லிவிட்டுக் கல்லைத் தாண்டினாள். தாண்டினதும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கடல் அவள் பின்னால் போகவில்லை. எத்தனை தலைமுறையாக எங்கள் ஆம்பளைகளை வாங்கிக்கொண்டு, எங்களைக் கரையில் நிற்க வைத்த கடல், அன்றைக்கு எங்களோடு கரையில் நின்றது, ஒருத்தி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. நின்று பார்க்கட்டும், எப்படி இருக்கும் என்று அதுக்கும் தெரியட்டும் என்று நான் நினைத்தேன். அது பக்கத்தில் நின்று எங்களைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் பாவமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு இருக்கிறதே! தலையைப் பிளக்கிற வலியோடு ஏறினாள், இறங்கினாள், தின்றதைக் கக்கினாள், கக்கியதும் மறுபடி தின்றாள், நேற்று விழுந்த இடத்தை இன்றைக்குத் தாண்டி விழுந்தாள், நாளைக்கு விழாமல் தாண்டினாள். படுக்கைகூடக் கல்லுக்கு அந்தப் பக்கம்தான், கூடாரத்தில். மாமா தினமும் யாரிடமும் சொல்லாமல் கல்லைத் தாண்டிப் போய், ஒரு பாறையில் சாய்ந்து, மூச்சு இரைக்க இரைக்க மேலே புள்ளியாகத் தெரிகிற மகளைப் பார்த்துவிட்டு வந்தார். திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருந்த அவருக்குப் பின்னால் அத்தை போனாள், அத்தைக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஷாமிலா. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றோம். நாங்களும் பழகுகிறோம் என்பது எங்களுக்கே தெரியவில்லை. மெலிந்து கறுத்து உதடு வெடித்து ஒருநாள் அவள் எங்கள் முன்னால் வந்து நின்றபோது நோர்பு சார் அவள் விரல்நுனியில் மாட்டிப் பார்க்கிற கருவியை மாட்டிப் பார்த்து, "படிச்சிருச்சு" என்றார். இரண்டு பேரும் சிகரத்துக்குக் கிளம்பினார்கள்.

கடைசி ஏற்றத்தன்று வெயில் பளிச்சென்று இருந்தது. டோல்மா வீட்டு மாடியில் ஊரே கூடியிருந்தது, வயர்லெஸ் கருவி மாமா கையில். படகில் பிடித்துப் பழகிய கை, வேறு யாருக்கும் தர மாட்டேன் என்றுவிட்டார். நோர்பு சார் குரல் கரகரவென்று வந்தது. உச்சி பக்கத்தில் இருக்கிறது, பாப்பா நன்றாக இருக்கிறாள், ஆனால் ஒரு சிக்கல். கடிகாரம் இரண்டாயிரம்தான் காட்டுகிறது.

"ரெண்டாயிரமா? எப்படி?" என்று நான் கத்தினேன்.

"காத்து வேற, கணக்கு வேற அக்கா. இங்க காத்து சரியான ஆறாயிரம் காத்து, பாப்பா நுரையீரலுக்குத் தெரியும். ஆனா உயரம்னா கடல்லேர்ந்து எண்ணணும். கடல் உங்க பக்கத்துல டீ குடிக்குது. கடிகாரம் அங்கேர்ந்து எண்ணுது."

பிறகு ஜெனிட்டாவின் குரல், ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சாக. "இருக்கட்டும் மதினி. கடல் அங்கேயே இருக்கட்டும். அது போனா உங்களுக்குத் தாங்காது. எனக்கு மேல போய் நின்னாப் போதும். குழுவுல இடம் இல்லன்னா இல்ல."

கொர்னேலி அத்தை எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள், அடுப்பங்கரைக்கு இறங்கிப் போனாள், கம்பளத்துக்கு முன்னால் கால் மடக்கி உட்கார்ந்தாள். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலுக்கு வந்த எந்த விருந்தாளியிடமும் பேசாத பேச்சு அது.

"ஏ, இங்க பாரு" என்றாள். "உன்னைய ஒரு பேச்சுக்குத்தான் கூப்புட்டேன். நீ நெசமா வந்த. எங்க சனத்துல யாரும் அப்படி எனக்கு வந்ததில்ல, உனக்குக் கோடி புண்ணியம். ஆனா அந்தப் பிள்ளை அங்க நிக்கா. நீ எவ்வளவு கீழ போவியோ அவ்வளவு அவ ஒசரம். எங்களப் பத்திக் கவலப்படாத, நாங்க பழகிட்டோம்." கிண்ணத்தைக் கம்பளத்துப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். பிறகு, கரையில் நின்று ஆயிரம் படகுக்குச் சொன்ன அதே சொல்லை, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தே சொன்னாள்:

"போயிட்டு வா."

கிண்ணத்தில் மிச்சம் இருந்த டீ ஒரு தடவை ததும்பியது. அவ்வளவுதான், அது கிளம்பிவிட்டது. ஷாமிலாவின் மூட்டையில் இருந்த பாக்கெட் எல்லாம் ஒவ்வொன்றாக உப்ப ஆரம்பித்தன, உப்பி உப்பித் தலையணையாகி, இரண்டு மூன்று படார் படாரென்று வெடித்தே போயின. என் காது அடைத்தது. நெற்றியை யாரோ துண்டு போட்டு இறுக்கிக் கட்டிய மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தால் பாதிதான் வந்தது. அத்தையைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றினேன், ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினோம், அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரிக்கக்கூட மூச்சு இல்லை. மாமா சுவரில் சாய்ந்து, உதடு நீலம் பாய்ந்து, வயர்லெஸ் கருவியைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். டோல்மா எங்கள் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

கருவியில் காற்று இரைந்தது, வெறும் காற்று, பிறகு நோர்பு சார் தமிழையெல்லாம் மறந்து தன் பாஷையில் என்னவோ கூவினார். மாடியில் இருந்த கிராமம் முழுக்கத் துள்ளி எழுந்தது. பிறகு தமிழ் ஞாபகம் வந்து கத்தினார்: "ஆறாயிரத்து நூத்திப் பன்னெண்டு! முழுசு! முழுசு அக்கா!"

ஜெனிட்டாவின் குரல் வந்தது. "அத்தை... ஏன் இப்படி இரைக்குது ஒங்களுக்கு? கடல் பக்கத்துல இல்லையா?"

"சந்தோசத்துல இரைக்குதுடி" என்றாள் அத்தை. "அதைப் போயிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அந்த உயரத்தில், அத்தனை குளிரில்.

மாமா கருவியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு மூச்சு இழுத்தார், போதவில்லை, இன்னொன்று இழுத்தார். நடுக்கடலில் ஒரு படகுக்காரர் இன்னொரு படகுக்காரரைக் கேட்கிற மாதிரி, சமமான ஆளிடம் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாகக் கேட்டார்:

"ஏ ஜெனிட்டா. பாடு எப்படி?"

"படகு கொள்ளலப்பா" என்றாள் அவள்.